முன்ஷியும் மாணாக்கரும்: அரசு அலுவலர்க்கு முழுநேரத் தனிமொழிப் பயிற்சி

நாட்டு மொழி அறியாத அலுவலர் ஒருவரும், அவர்முன் மனுவோடு நிற்கும் குடிமகன் ஒருவரும் சந்திக்கும் இடத்தில் இருவர் அல்லர், மூவர் இருக்கின்றனர். மூன்றாமவர் இடையில் நின்று மொழிபெயர்ப்பவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் அவருக்குத் துபாஷி என்று பெயர். ‘துவிபாஷி’, அதாவது இருமொழியாளர், என்னும் வடசொல்லின் திரிபு அது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுவோர், அப்பதவிக்கு எத்துணை செல்வாக்கு இருந்தது என்பதைப் பக்கந்தோறும் காணலாம். ஆள்பவர் கேட்பதும் இவர் வாய்வழியே. ஆளப்படுவோர் சொல்வதும் இவர் வாய்வழியே. இடையில் எது சேர்ந்தது, எது விடுபட்டது என்பதை இரு தரப்பாரும் அறியார்.

துபாஷி என்னும் பதவிப்பெயர் மறைந்துவிட்டது. அந்த இடம் மறையவில்லை. வேற்று மாநிலத்திலிருந்து வரும் அலுவலருக்கு இன்றும் அலுவலக உதவியாளரோ எழுத்தரோ அப்பணியைச் செய்கின்றனர். அவர்கள் நேர்மையாளராகவே இருக்கட்டும். பத்து நிமிடம் அழுதுகொண்டே பேசிய ஒரு மூதாட்டியின் முறையீடு, மொழிபெயர்க்கப்படும்போது ‘நிலத்தகராறு’ என்னும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

இதற்கு மாற்று, அலுவலரே மொழியைக் கற்பது. அதில் கருத்து வேறுபாடு எவர்க்கும் இல்லை. எவ்வாறு கற்பது என்பதில்தான் வேறுபாடு. மாலை வகுப்பில் கற்கலாம்; அஞ்சல் வழியே கற்கலாம்; தேர்வுக்குக் குறிப்பேடு வாங்கி மனனம் செய்யலாம். இவையன்றி வேறொரு முறை உண்டு. அலுவலரை அலுவலகப் பணியிலிருந்து முற்றிலும் விடுவித்து, ஊதியத்தை நிறுத்தாது, ஒருவருக்கு ஓராசிரியர் என்னும் முறையில் அமர்த்தி, மொழி கற்பதையே அக்காலத்து அரசுப்பணியாக ஆக்கிவிடுவது அம்முறை. செலவு மிகுந்தது; ஏற்பாடு செய்வதும் கடினம். எனினும் அது புதிய கற்பனை அன்று. நம் சென்னை மாநகரிலேயே இருநூறு ஆண்டுகட்கு முன் நடந்தேறியது. அதனையும், அதன் பிற்கால வடிவங்களையும், தமிழுக்கு அதில் வேண்டப்படும் தனிக்கவனத்தையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்டைக் கல்லூரி

1800-இல் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியை நிறுவினார். கம்பெனியின் இளம் அலுவலர்கள் கீழை மொழிகளைக் கற்பதற்கென அது தோன்றியது. இந்துஸ்தானிக்குக் கில்கிறிஸ்ட், வங்காளத்துக்கு வில்லியம் கேரி என ஐரோப்பியப் பேராசிரியர்கள் தலைமை வகித்தனர். அவர்களின் கீழ் இந்தியப் புலவர்கள் நூல்கள் எழுதினர். மீர் அம்மனின் ‘பாக்-ஓ-பஹார்’ அவ்வாறு பிறந்த உரைநடை நூலே. ஓர் அரசு தன் ஊழியர்க்கு மொழி கற்பிக்கப் போய், உருது உரைநடைக்கே ஒரு வழி திறந்துவிட்டது என்பது எண்ணத்தக்கது.

சென்னையில் 1812-இல் தோன்றிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் அமைப்பு வேறு. அதன் உயிர்நாடியாக இருந்தவர் எல்லிஸ் துரை. 1796-இல் கம்பெனியின் எழுத்தராகச் சென்னை வந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ், 1810 முதல் சென்னையின் கலெக்டராக இருந்தவர், திருக்குறளில் தோய்ந்தவர். அவருடைய திட்டத்தில் ஐரோப்பியப் பேராசிரியர் விரிவுரை நிகழ்த்த, மாணவர் கூட்டமாகக் கேட்கும் முறைக்கு இடமில்லை. இளம் அலுவலர் ஒவ்வொருவருக்கும் நாட்டு ஆசிரியர் ஒருவர் அமர்த்தப்பெற்றார். அந்த ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தலைமைப் புலவர்கள் இருந்தனர். தமிழுக்குச் சிதம்பரப் பண்டாரமும், வடமொழிக்கும் தெலுங்குக்கும் பட்டாபிராம சாஸ்திரியும் அவ்வாறு விளங்கினர். அதாவது, கல்லூரி நேரடியாகக் கற்பித்தது ஆசிரியர்க்கே. அலுவலர்க்குக் கற்பித்தது அந்த ஆசிரியர்கள். இரண்டு அடுக்குகள் கொண்ட இந்த ஏற்பாடே அக்கல்லூரியின் சிறப்பு என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ஆசிரியரை முதலில் ஆயத்தம் செய்யாமல் மாணவரை ஒப்படைத்தால் தனிப்பயிற்சி என்பது வெறும் உரையாடலாக முடிந்துவிடும்.

தேர்வுக்கும் வருவாய்க்கும் அங்கே நேர்த்தொடர்பு இருந்தது. மொழித் தேர்ச்சி உயர உயர இளம் அலுவலரின் மாதப்படி உயர்ந்தது. சிறந்த தேர்ச்சிக்குப் பணப்பரிசும் இருந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், வடமொழி, அரபு, பாரசீகம், இந்துஸ்தானி ஆகியவற்றுக்கு அங்கே இடமிருந்தது. இந்து சட்டமும் இஸ்லாமியச் சட்டமும் அறிந்த நீதிமன்ற அலுவலரை உருவாக்கும் பணியையும் அக்கல்லூரி மேற்கொண்டது.

மாணாக்கர் கையில் கொடுக்க நூல் வேண்டும். அந்தத் தேவையே தமிழ் அச்சுலகிற்குப் பெரும் பயனாயிற்று. வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதி ஏட்டிலேயே கிடந்து, 1824-இல் கல்லூரியின் முயற்சியால் முழுமையாக அச்சேறியது. அம்முனிவரின் செந்தமிழ் இலக்கணத்தைப் பாபிங்டன் ஆங்கிலமாக்க, 1822-இல் கல்லூரி அச்சகம் வெளியிட்டது. முனிவரின் சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்ற முத்துசாமிப் பிள்ளை கல்லூரியைச் சார்ந்தவரே. தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழ் உரைநடையாக்கி 1826-இல் வெளிவரச் செய்தார். அன்றைய சென்னை மாகாணக் கச்சேரிகளில் மராத்தி வழங்கியதால், அம்மொழியறிவு அக்காலப் புலவர்க்கு வியப்புக்குரியதன்று. 1816-இல் கேம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எல்லிஸ் எழுதிய முன்குறிப்பு, தென்னிந்திய மொழிகள் வடமொழியின் கிளைகளல்ல, தம்முள் ஒரு குடும்பம் என்று நிறுவியது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது என்பதை நினைவிற் கொண்டால், நாற்பது ஆண்டு முந்திய அச்செய்தியின் பெருமை விளங்கும். நான்கு மொழி ஆசிரியர்களும் ஒரே கட்டடத்தில் அமர்ந்து ஒருவர்மொழியை மற்றவர்மொழியோடு ஒப்பிட்டுப் பேசிய சூழலே அதற்கு வித்திட்டிருக்க வேண்டும்.

எல்லிஸ் 1819-இல் இராமநாதபுரத்தில் மறைந்தார். கல்லூரி 1854-இல் மூடப்பெற்றது. சென்னை நுங்கம்பாக்கத்துக் ‘கல்லூரிச் சாலை’யின் பெயர் மட்டும் நின்று நிலவுகிறது.

முன்ஷி என்னும் ஆசிரியர்

தனிமொழி ஆசிரியரைக் குறிக்க அன்று வழங்கிய சொல் ‘முன்ஷி’. அரபு மூலத்தில் இதற்கு ‘இயற்றுபவர், எழுதி ஆக்குபவர்’ என்று பொருள். கடிதமும் ஆவணமும் எழுதும் கலையை ‘இன்ஷா’ என்பர். அதே வேரினின்று வந்ததே முன்ஷியும். எனவே முன்ஷி என்பவர் முதற்கண் எழுதும் தொழிலாளர், பின்னரே கற்பிப்பவர். அரசவையில் ஓலை எழுதியவரே அயலார்க்கு ஆசிரியரானார். இந்தச் சொல் வரலாற்றில் ஒரு பாடம் பொதிந்திருக்கிறது. அலுவலர்க்கு மொழி கற்பிப்பவர் இலக்கணம் மட்டும் அறிந்தவராயின் போதாது. கச்சேரிக் காகிதம் எவ்வாறு எழுதப்படுகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். தமிழகப் பள்ளிகளில் தமிழாசிரியரைத் ‘தமிழ் முன்ஷி’ என்று அழைக்கும் வழக்கு பின்னரும் நெடுநாள் இருந்தது.

இவ்வகை ஆசிரியருள் தாமே தம் வரலாற்றை எழுதிவைத்தவர் ஒருவர் உளர். அவர் மலாக்காவில் 1796-இல் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ். தந்தைவழியில் ஏமன் நாட்டு அரபியர். அவருடைய முன்னோர் நாகூரில் வந்து தங்கி மணம் செய்துகொண்ட பின்னரே அக்குடும்பத்தார் மலாக்காவுக்குப் பெயர்ந்தனர். அவருடைய பாட்டியார் பெயர் பெரி ஆச்சி. அவர் பலருக்கும் குர்ஆன் ஓதக் கற்பித்தவர். ‘பெரிய ஆச்சி’ என்று நம் கடற்கரை ஊர்களில் இன்றும் அழைக்கும் குரல் அப்பெயரில் கேட்கவில்லையா? அக்கால மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கு வழக்கின் பொருட்டுத் தமிழ் கற்பது வழக்கமாக இருந்தது. அப்துல்லாஹ்வும் சிறுவயதில் இரண்டரை ஆண்டு தமிழ் கற்றதாக எழுதுகிறார். பின்னர்ப் படைவீரர்க்கும், ஆங்கிலேய அலுவலர்க்கும், பாதிரிமார்க்கும் மலாய் கற்பித்து ‘முன்ஷி’ என்னும் பெயரைப் பெற்றார். ராபிள்ஸிடம் எழுத்தராகவும் பணிபுரிந்தார். 1849-இல் அச்சான ‘ஹிகாயத் அப்துல்லாஹ்’ அவருடைய தன்வரலாறு. 1854-இல் ஹஜ்ஜுப் பயணத்தின்போது ஜித்தாவில் காலமானார். சென்னைக் கல்லூரி மூடப்பெற்றதும் அதே ஆண்டுதான். இது தற்செயலே, எனினும் குறிக்கத் தோன்றுகிறது.

கனடா நாட்டு ஏற்பாடு

இக்காலத்தில் அரசு ஊழியர்க்கு மொழிப் பயிற்சியை மிகப் பெரிய அளவில் ஒழுங்குபடுத்திய நாடு கனடா. ஆங்கிலமும் பிரெஞ்சும் அங்கே ஆட்சிமொழிகள். பிரெஞ்சு பேசும் குடிகள் தம் அரசினிடம் தம் மொழியில் பேச இயலவில்லை என்னும் குறை முற்றியபோது 1963-இல் ஆணையம் ஒன்று அமைக்கப்பெற்றது. அடுத்த ஆண்டே அரசு ஊழியர்க்கு மொழிப் பயிற்சி தொடங்கிவிட்டது. ஆட்சிமொழிகள் சட்டம் 1969-இல் வந்தது, 1988-இல் விரிவாக்கப்பெற்றது.

அங்கே ஆளைப் பார்த்து மட்டும் மொழித் தகுதி வகுப்பதில்லை. பதவியைப் பார்த்து வகுக்கின்றனர். படித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் மூன்று திறன்களுக்கும் ஏ, பி, சி என்று படிநிலைகள் உண்டு, சி உயர்ந்தது. உயர் அலுவலர்க்குரிய அளவை ‘சிபிசி’ என்பர். அதாவது படிப்பதிலும் பேசுவதிலும் உயர்நிலை. எழுதுவதில் இடைநிலை போதும். இதன் நுட்பம் பாராட்டத்தக்கது. உயர் அலுவலருக்காக வரைவு எழுதப் பிறர் உண்டு. அவருக்குப் பதிலாகப் படிக்கவும் கேட்கவும் பேசவும் பிறரால் இயலாது. நம் நாட்டில் மொழித் தேர்வு என்றால் எழுத்துத் தேர்வுக்கே முதலிடம் தரும் மனப்போக்கு இருப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சில பதவிகளுக்கு இருமொழியும் அறிந்தவரையே அமர்த்துவர். வேறு சிலவற்றுக்கு ஒருமொழி அறிந்தவரை அமர்த்தி, இரண்டு ஆண்டுக்குள் மற்றதைக் கற்பேன் என்று உறுதி பெற்று, அரசுச் செலவில் கற்பிப்பர். அக்காலத்தில் அவர் பணியில் இருப்பவராகவே கருதப்பெறுவார். தொடக்கத்தில் அரசே பள்ளிகள் நடத்தியது. பின்னாளில் துறைகள் தனியார் பயிற்சியகங்களை நாடிப் பணம் கொடுத்து ஏற்பாடு செய்யும் நிலை வந்தது. குழு வகுப்பு, தனி வகுப்பு, முழுநேரம், பகுதிநேரம் எனப் பல வகையும் உண்டு. 1977 முதல் இருமொழிப் பதவி வகிப்போர் பலர்க்கு ஆண்டுக்கு 800 டாலர் ஊக்கத்தொகையும் உண்டு.

அந்த ஏற்பாட்டிலும் நெடுநாளைய குறை ஒன்று பேசப்பட்டு வருகிறது. மாதக்கணக்கில் பயின்று தேறியவர் தம் இருக்கைக்குத் திரும்புகிறார். சுற்றிலும் ஆங்கிலமே புழங்குகிறது. பிரெஞ்சில் பேசத் தொடங்கினாலும் எதிரிலிருப்பவர் மரியாதைக்காக ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். ஓராண்டில் கற்றது கரைந்துவிடுகிறது. தேர்வு முடிவுக்கு அங்கே ஐந்தாண்டு ஆயுள். ஆயினும் அதே பதவியில் நீடிப்பவர்க்கு மறுதேர்வு இல்லையாதலால் கரைந்தது எவர்க்கும் தெரிவதும் இல்லை. தமிழகத்திலும் இதே நோய்க்கு இடமுண்டு. வடநாட்டு அதிகாரி முயன்று இரண்டு சொல் தமிழில் பேசினால், நம்மவர் உடனே தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விடை சொல்லிப் பெருமைப்படுகின்றனர். விருந்தோம்பல் என்று நினைத்து நாம் செய்யும் இச்செயல் அவருடைய கல்விக்கு முட்டுக்கட்டை.

அமெரிக்க நாட்டில் 1947-இல் அமைக்கப்பெற்ற வெளியுறவுப் பணிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பணித் தகுதி பெறும் அளவுக்குத் தமிழ் கற்க ஏறத்தாழ 44 வாரம், 1100 வகுப்பு மணி வேண்டும் எனக் கணக்கிடுகிறது. நாளும் ஒரு மணி நேரம், ஒருநாளும் விடாமல் மாலையில் கற்பவர் இந்த 1100 மணியை எட்ட மூன்று ஆண்டு ஆகும். அதற்குள் அவர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிவிடுவார். முழுநேரம் என்னும் சொல் ஏன் வலியுறுத்தப்பெறுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

வாயிற்கதவா, ஏணியா?

அரசு ஊழியரை மொழி கற்கச் சொல்வது எல்லாக் காலத்தும் நன்மையாகவே முடிந்ததில்லை. இலங்கையில் 1956-இல் வந்த சிங்களம் மட்டும் சட்டத்தின்பின், தமிழ் அலுவலர்கள் சிங்களத் தேர்ச்சி பெற்றாலன்றிப் பணியில் நிலைக்கவோ உயரவோ இயலாத நிலை உண்டாயிற்று. பலர் வேலையை விட்டனர். அங்கே மொழி என்பது, உள்ளே இருப்பவரை வெளியேற்றும் வாயிற்கதவாயிற்று. 1987-இல் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக ஏற்றது. 2007-இல் வந்த சுற்றறிக்கை, அதன்பின் பணியில் சேரும் அலுவலர் மற்ற ஆட்சிமொழியையும் குறித்த காலத்தில் கற்க வேண்டும் என்றது. சிங்கள அலுவலர் தமிழையும், தமிழ் அலுவலர் சிங்களத்தையும் கற்க வேண்டும் என்னும் இந்த ஒப்புரவுக்கும் பழைய சட்டத்துக்கும் உள்ள தொலைவு பெரிது. அதைக் கடக்க ஒரு தலைமுறை பிடித்தது. தேர்வை மட்டும் விதித்து, கற்கும் காலத்தையும் ஆசிரியரையும் அரசு வழங்காவிடின், நல்ல நோக்கமுடைய விதியும் தண்டனையாகவே உணரப்படும்.

தமிழகத்தின் நிலை இதனினும் மென்மையானது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் ஆட்சிமொழியாயிற்று. 2016-ஆம் ஆண்டின் அரசுப் பணியாளர் பணிநிலைச் சட்டப்படி, போதிய தமிழறிவு இல்லாது பணியில் சேருவோர் இரண்டாண்டுக்குள் தமிழ்மொழித் தேர்வில் தேற வேண்டும். 2021-இல் வந்த ஆணை போட்டித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளைக் கட்டாயமாக்கியது. இந்திய ஆட்சிப் பணியினர்க்கு முசோரிக் கழகத்தில் தத்தம் மாநில மொழி கற்பிக்கப்பெறுகிறது. கெடு உண்டு, தேர்வு உண்டு, தொடக்க வகுப்பும் உண்டு. பணியில் அமர்ந்தபின் தனியாசிரியரோடு முழுநேரம் அமரும் வழக்கம்தான் பரவவில்லை.

இக்கட்டுரையாளரிடம் வட மாநிலத்து அலுவலர் ஒருவர் மாலைதோறும் தமிழ் கற்க விரும்பி வந்ததுண்டு. ஆர்வத்தில் குறையில்லை, அறிவிலும் குறையில்லை. மூன்று மாதத்தில் நாங்கள் அமர்ந்தது பதினொரு நாள். அவற்றுள் தொலைபேசி ஒலிக்காத நாள் ஒன்றேனும் இருந்ததாக நினைவில்லை. உயிர்மெய் எழுத்து வரிசை முடியுமுன் அவருக்கு மாற்றல் ஆணை வந்துவிட்டது. அவருடைய துறை அவரை ஆறு வாரம் விடுவித்திருந்தால் அவர் மனுக்களைத் தாமே படித்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

எந்தத் தமிழைக் கற்பிப்பது?

இனித் தமிழுக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமுமாகத் தனித்தனியே எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் வந்த அயலார் ஒருவர்க்கு இரண்டும் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. நம் பயிற்சி நூல்களில் பல இன்றும் ‘நான் பள்ளிக்குச் செல்கிறேன்’ என்றே தொடங்குகின்றன. அலுவலர் அதனைக் கற்றுக்கொண்டு வெளியே வந்தால், ‘போய்க்கிட்டிருக்கேன்’ என்று ஒருவரும், ‘போறேனுங்க’ என்று ஒருவரும் சொல்ல, இது எந்த மொழி என்று திகைக்கிறார். கோவையில் பணியாற்றப்போகும் அலுவலர்க்கும் தூத்துக்குடிக்குச் செல்லும் அலுவலர்க்கும் ஒரே பேச்சுப் பாடத்தைக் கொடுப்பது பொருந்தாது. முப்பது பேர் அமர்ந்த வகுப்பில் இவ்வேறுபாட்டுக்கு இடமில்லை. தனிப்பயிற்சியின் முதற்பயன் இங்கேதான்.

அகராதியால் விளங்காத வழக்குகளைக் காண்போம். கைம்பெண் உதவித்தொகை கேட்டு வந்தவர் ‘எங்க வீட்டுக்காரர் தவறிட்டாருங்க’ என்கிறார். தவறு என்றால் பிழை என்று அகராதி சொல்லும். கணவர் ஏதோ குற்றம் செய்துவிட்டார் என்று அலுவலர் குறித்துக்கொண்டால் அவர்மீது பழியில்லை. நம் சமுதாயத்தார் ‘மவுத்தாயிட்டாங்க’ என்பர். ஓரிடத்தில் ‘அத்தா’ என்றும் வேறிடத்தில் ‘வாப்பா’ என்றும் தந்தையை அழைப்பர். வாரிசுச் சான்று கேட்கும் மனுவில் ‘ஒன்றுவிட்ட சித்தப்பா’ என்று வரும்; ஒன்றை எங்கே விட்டார் என்று கேட்ட கதை நகைப்புக்குரியதாயினும், உறவு முறையைத் தவறாகப் புரிந்தால் சொத்து கைமாறிவிடும். ‘பங்காளி’ என்பவர் வணிகக் கூட்டாளி அல்லர்; தந்தைவழித் தாயாதி. ‘விடுதலைப் பத்திரம்’ என்பதில் சிறையும் இல்லை, போராட்டமும் இல்லை. சொத்தில் தம் பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணம் அது. ‘அனுபவத்தில் இருக்கு’ என்றால் நிலம் அவர் கைவசம் இருக்கிறது என்று பொருள்.

கற்பவரின் தாய்மொழியும் கருதப்பட வேண்டும். மலையாள நாட்டவர்க்குத் தமிழ் எளிது என்பர். ஆனால் அவர் மொழியில் ‘வெள்ளம்’ குடிநீர். நமக்கு அது பெருக்கெடுத்து ஊரை அழிப்பது. பேரிடர்க் காலத்தில் இச்சொல்லைப் பிறழ உணர்வது விளையாட்டன்று. ‘அவசரம்’ என்பது தெலுங்கர்க்குத் தேவை, மலையாளிக்கு வாய்ப்பு, நமக்கு விரைவு. இந்தி பேசுவோர்க்குச் ‘சம்சாரம்’ உலகம். நம் ஊரில் மனைவி. அவர்க்குக் ‘கல்யாண்’ நலன், நமக்குத் திருமணம். உருது அறிந்தவர்க்கு ‘ராஜினாமா’ இருதரப்பும் இணங்கி எழுதும் உடன்படிக்கை. தமிழில் வேலையை விட்டு விலகல். ஆசிரியர் கற்பவரின் தாய்மொழியைச் சரளமாகப் பேச வேண்டியதில்லை. இத்தகைய பொறிகள் எங்கே உள்ளன என்று அறிந்திருத்தல் வேண்டும்.

மறுபுறம், அவர் ஏற்கெனவே அறிந்த சொற்களே பாதி வழியைக் கடத்திவிடும். தாசில்தார், தாலுகா, ஜில்லா, ஜமாபந்தி, வசூல், பாக்கி, ரசீது, நகல், அசல், தாக்கல், ஜாமீன், ஆஜர், ரத்து, இனாம், வாரிசு, வக்கீல் ஆகிய இவையெல்லாம் அரபு, பாரசீக வழியே கச்சேரிக்குள் நுழைந்து தமிழ்ச் சிற்றூர்வரை சென்று தங்கிவிட்டன. தூய தமிழ் இயக்கம் இவற்றுட் சிலவற்றுக்கு அழகிய மாற்றுகளைத் தந்துள்ளது. ‘வட்டாட்சியர்’ என்று நாம் எழுதுகிறோம். மனுதாரர் வாயில் இன்னும் ‘தாசில்தார்’தான் வழங்குகிறது. லக்னோவிலிருந்தோ போபாலிலிருந்தோ வரும் அலுவலர்க்கு முதல்நாளே இச்சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், தமிழ் தமக்கு முற்றிலும் அயல்மொழி அன்று என்னும் துணிவு பிறக்கும். அந்தத் துணிவு முதல் வாரத்தில் இலக்கணத்தைக் காட்டிலும் பயன்தரும்.

ஏற்பாடு செய்யும் வகை

முதற்கண் வேண்டுவது விடுவிப்பு ஆணை. ‘பணிக்கு இடையூறின்றிக் கற்கலாம்’ என்னும் தொடர் ஆணையில் இடம்பெற்றால் அப்பயிற்சி நடவாது என்று கொள்ளலாம். பயிற்சிக் காலத்தில் அவர் பொறுப்பை வேறொருவரிடம் முறைப்படி ஒப்படைக்க வேண்டும். பயிலுமிடம் அலுவலகத்தினின்று விலகியிருத்தல் நன்று. மாவட்டந்தோறும் கல்லூரிகளும் அவற்றில் தமிழ்த்துறைகளும் இருக்கின்றன. கோடை விடுமுறையில் அறைகள் காலியாகவே கிடக்கின்றன.

அடுத்து ஆசிரியர். முதுகலைப் பட்டம் பெற்றவர் எவரும் இதற்குத் தகுதியுடையவர் என்று எண்ணுவது நம் துறையினரின் பழைய எண்ணம். எட்டுத்தொகையை நயம்படப் பாடம் நடத்துபவர், ‘வந்துட்டு’ என்பதற்கும் ‘வந்து’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அயலார் ஒருவர்க்கு விளக்கத் திணறுவதைக் காண்கிறோம். இரண்டாம் மொழியாகத் தமிழைக் கற்பித்தல் தனிக்கலை. கோட்டைக் கல்லூரியின் இரண்டு அடுக்கு முறைப்படி, முதலில் ஆசிரியர்க்குச் சில வாரப் பயிற்சி வேண்டும். அதில் ஓய்வுபெற்ற வருவாய்த்துறை எழுத்தர் ஒருவரும் பாடம் எடுக்க வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல், புறம்போக்கு, நத்தம் என்பனவற்றைத் தமிழ்ப் பேராசிரியர் அவரிடமே கற்றாக வேண்டும். ஆசிரியர்க்குரிய ஊதியத்தை மணிக்கணக்கில் சில்லறையாக நிர்ணயிக்கும் வழக்கமும் மாற வேண்டும். முழுநேர மாணவர்க்கு முழுநேர ஆசிரியர் வேண்டும். முழுநேர ஆசிரியர்க்கு முழு ஊதியம் வேண்டும்.

கால அளவை எல்லார்க்கும் ஒன்றாக வைத்தல் கூடாது. முதல்நாளில் ஓர் உரையாடல் வழியே அவர் நிலையைக் கணித்து, அவர் வகிக்கப்போகும் பதவிக்கு எவ்வளவு பேச்சு, எவ்வளவு படிப்பு, எவ்வளவு எழுத்து வேண்டும் என்று வகுத்துக்கொள்ளலாம். அரசு மருத்துவர்க்கு ‘சுருக்சுருக்குன்னு குத்துது’, ‘கிறுகிறுங்குது’, ‘வயிறு ஒரு மாதிரி பிசையுது’ என்பனவே முதற்பாடம். அவர் கோப்பு எழுதக் கற்பது பின்னர். சார் ஆட்சியர்க்குக் கையெழுத்து மனுக்களைப் படிக்கும் பயிற்சி இன்றியமையாதது. அச்செழுத்தை மட்டும் கற்றவர், அவசரத்தில் கிறுக்கப்பட்ட மனுவின் முன் எழுத்தறியாதவரே. பழைய மனுக்களின் படிகளைப் பெயர் மறைத்துப் பாடநூலாக்கலாம். அதைக் காட்டிலும் சிறந்த வாசகம் வேறில்லை.

நாளுக்கு ஆறு மணி என்றால் ஒரே ஆசிரியர் எதிரே ஆறு மணியும் அமர்ந்திருத்தல் இருவர்க்கும் களைப்பு. காலையில் இலக்கணமும் வாசிப்பும். பிற்பகலில் ஆசிரியரோடு சந்தைக்கும், பேருந்து நிலையத்துக்கும், தேநீர்க் கடைக்கும் செல்லுதல். மாலையில் கேட்டவற்றை எழுதுதல் எனப் பிரித்துக்கொள்ளலாம். தேநீர்க் கடையில் அரைமணி நேரம் அரசியல் பேச்சைக் கேட்பது, ஒலிநாடாவை மும்முறை கேட்பதற்கு ஈடாகும். ஒரே ஆசிரியரின் குரலுக்குச் செவி பழகிவிடுவது தனிப்பயிற்சியின் ஒரு குறை. ஆகவே வாரம் ஒருநாள் வேறோர் ஆசிரியரோ, கல்லூரி மாணவியோ, வயது முதிர்ந்த ஒருவரோ வந்து பேசும்படி அமைக்க வேண்டும்.

பயிற்சி முடிந்தபின் வரும் ஆறு மாதமே கனடாவில் கோட்டைவிட்ட இடம். எனவே திரும்பிய அலுவலர் தம் அலுவலகத்தில் வாரத்திற்கு ஒருநாளேனும் முழுவதும் தமிழிலேயே பணியாற்றுமாறு வழி செய்ய வேண்டும். உடன் பணியாற்றுவோரும் அன்று அவரிடம் ஆங்கிலத்தில் பேசாதிருக்க வேண்டும். பயிற்சியின் இறுதி வாரத்திலேயே இதற்கு ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில், மொழிபெயர்க்க ஒருவருமின்றி, அலுவலர் மனுக்களை நேரே பெறட்டும். ஆசிரியர் அறையின் பின்வரிசையில் குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்கலாம். மாணாக்கர் எத்துணைத் தடுமாறினாலும் அவர் வாய்திறக்கலாகாது. குறித்துக்கொண்டவற்றை மாலையில் பேசிக்கொள்ளலாம்.